ஆற்றுதலும் ஆற்றுப்படுத்தலும்

'ஆறு' என்பது தமிழிலே வழியைக் குறிக்கும். 'ஆற்றுதல்' என்பது வெம்மை தணித்தலையும் துயர் தணித்தலையும் குறிக்கும். பத்துப்பாட்டிலே ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தன. பரிசில் பெற்று மீளும் ஒருவன், பசியோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்குத் தான் சென்ற வழியையும் கண்ட வளத்தையும் எடுத்துக்கூறி, தனக்கு வழங்கிய வள்ளலிடம் அவனையும் செலுத்துவதே அவற்றின் பொதுவமைப்பாகும். அவற்றுள் திருமுருகாற்றுப்படை மட்டும் மன்னனிடமன்றி இறைவனிடம் ஆற்றுப்படுத்துகின்றது. உளநெருக்கடிக்கு உள்ளானோருடன் அமர்ந்து உரையாடி அவர்களைத் தெளிவுபெறச் செய்யும் பணிக்கு ஈழத்துத் தமிழர் பெயர் தேடியபோது, 'ஆற்றுப்படுத்தல்' என்னும் இப்பழஞ்சொல்லையே எடுத்துக்கொண்டனர். அரச வழக்கில் 'உளவளத்துணை' என்னும் சொல் பெருகியுள்ளதாயினும், வடக்கிலும் கிழக்கிலும் ஆற்றுப்படுத்தல் என்பது இன்றும் வழக்கிலுள்ளது.

இச்சொல் தன்னுள்ளே ஒரு வினாவைக் கொண்டுள்ளது. ஆற்றுப்படுத்துவோர் துன்புற்றவரை யாரிடம் செலுத்துகின்றார்? அவருடைய சொந்த உள்ளத்தின் வலிமையிடமா, அன்றித் தாம் நம்பும் இறைவனிடமா? உளவியல் கற்ற ஒருவர் கிறிஸ்தவ விசுவாசமும் உடையவராயின் இவ்வினா அவரை விட்டு எளிதில் நீங்குவதில்லை. நாவற்குடாவிலே வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பல ஆண்டுகளாக உறங்கவிடாது வைத்திருப்பதும் இவ்வினாவேயாகும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே செல்வோர், மேற்கே வாவிக்கும் கிழக்கே வங்காள விரிகுடாவுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பிலே பயணஞ் செய்கின்றனர். கல்லடியைத் தாண்டினால் நாவற்குடா. அதற்கும் தெற்கே காத்தான்குடி. நாவலும் குடாவும் பெயரிலேயே அமைந்த இவ்வூரில் இந்துக்களே பெரும்பான்மையினர். கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் ஏனைய சபையினரும் அவர்களோடு அயலவராய் வாழ்கின்றனர். சற்று அப்பால் முஸ்லிம் மக்களின் வீடுகள் தொடங்கிவிடும். கோயில் மணியும் தேவாலய மணியும் பாங்கொலியும் ஒரே வீட்டு முற்றத்திலிருந்து கேட்கத்தக்க இடம் அது. அத்தகைய முற்றமொன்றிலேதான் அவ்வாசிரியையின் இரு நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன.

அவரிடம் வந்தோரின் துயரங்கள் இங்கே இன்னாருடையவை எனச் சுட்டமுடியாதவாறு, விவரம் மாற்றியும் பலருடையவற்றை ஒருங்கு சேர்த்தும் கூறப்படுகின்றன. ஆற்றுப்படுத்தலின் முதல் அறம் இரகசியம் காத்தலாகும். அவ்வறத்தை மீறி எழுதப்படும் கட்டுரை எத்துணைச் சிறந்ததாயினும் எழுதப்படாதிருத்தலே நன்று.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நத்தார்ப் பெருநாளுக்கு மறுநாட்காலை. அன்று எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. மட்டக்களப்பின் கரையோரக் குடியிருப்புகள் சில மணல்மேடுகளாயின. அதன் பின்னர் வந்த மாதங்களிலே அரச நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் உளவளப் பயிற்சிகளை நடாத்தின. அப்பயிற்சிகளுள் ஒன்றிலே இவ்வாசிரியையும் சேர்ந்தார். செவிமடுத்தல், ஒத்துணர்தல், தீர்ப்பிடாதிருத்தல் என்பன அங்குக் கற்பிக்கப்பட்டன. இவை யாவும் தமக்கு முன்னரே தெரிந்தவை என அவர் எண்ணினார். சிறுபராயம் முதல் தேவாலயத்திலே கேட்டு வளர்ந்த அன்பின் போதனைக்கு இவை வேறு பெயர்கள் என்றே அவருக்குத் தோன்றிற்று.

அவரிடம் முதன்முதலாக வந்தவர் கடலுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் இளந்தாய். அவரும் கிறிஸ்தவரே. நெடுநேரம் மௌனமாயிருந்த பின்னர், "என்ட கையிலருந்துதான் புள்ள போனது, டீச்சர்" என்றார். ஆசிரியையின் உள்ளம் துடித்தது. அத்துடிப்பைத் தாங்கமாட்டாது அவர் அத்தாயின் கரங்களைப் பற்றிச் செபிக்கத் தொடங்கினார். பிள்ளை இறைவனிடத்தில் இருக்கிறது என்றார். எல்லாம் அவருடைய சித்தம் என்றார். செபம் முடிந்தபோது அத்தாய் எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, "போயிற்று வாறன்" என்று கூறிச் சென்றார். பின்னர் அவர் திரும்பி வரவேயில்லை.

செபித்தது தவறா? இறைவனிடத்தில் நம்பிக்கை கொண்ட ஒருவர், அதே நம்பிக்கை கொண்ட மற்றொருவரோடு செபித்ததில் என்ன பிழை? பல மாதங்கள் சென்ற பின்னரே விடை அவருக்குப் புலனாயிற்று. அத்தாய் கூறிய வாக்கியத்தில் வந்த கை அவருடைய கை. அலையின் வேகத்திலே பிடி நழுவிய அந்தக் கணத்தைப் பற்றி அவர் பேச வந்திருந்தார். ஆசிரியையோ அந்தக் கையைப் பற்றிக்கொண்டு, அதைப்பற்றிப் பேசவிடாது செய்துவிட்டார். மேலும், எல்லாம் இறைவன் சித்தம் என்ற சொல், பிள்ளையைக் கைவிட்ட பழியைத் தாயிடமிருந்து எடுக்கவில்லை; இறைவனையும் அப்பழிக்குப் பங்காளியாக்கியது. செபம் அங்கே அத்தாயின் தேவைக்காக எழவில்லை. கேட்பவரின் தாங்கமுடியாமைக்கு அது ஒரு மறைவிடமாயிற்று.

யோபுவின் வரலாறு அறியாத கிறிஸ்தவர் இலர். ஆனால் அதிலே ஒரு நுட்பம் பலராலும் கவனிக்கப்படுவதில்லை. யோபுவின் நண்பர் மூவரும் தொடக்கத்திலே ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். ஒரு வார்த்தையேனும் பேசவில்லை. அந்த ஏழு நாட்களிலும் அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தனர். வாய்திறந்து இறைவனுக்காக வாதாடத் தொடங்கிய பின்னரே அவர்கள் துன்புறுத்துவோராயினர். நூலின் முடிவிலே இறைவன் கண்டித்ததும் தம்மோடு வழக்காடிய யோபுவையன்று, தமக்காக வழக்குரைத்த அந்நண்பர்களையே. ஆசிரியை இதனைப் பலமுறை வாசித்திருந்தும், ஒரு தாயை இழந்த பின்னரே விளங்கிக்கொண்டார்.

விசுவாசத்துக்கும் உளவியலுக்குமிடையே உள்ள பிணக்கு மட்டக்களப்பில் தோன்றியதன்று. சிக்மண்ட் பிராய்ட் 1927இல் வெளியிட்ட 'ஒரு மாயையின் எதிர்காலம்' என்ற நூலிலே, சமயம் மனிதனின் குழந்தைப்பருவ விருப்பத்தின் நிழல் எனக் கருத்துரைத்தார். அதற்கு மறுப்பாக 'ஓர் எதிர்காலத்தின் மாயை' என்ற கட்டுரையை 1928இல் எழுதியவர் ஒஸ்கார் பிஃபிஸ்டர். சூரிச் நகரில் மதபோதகராகப் பணியாற்றிய அவர், தாமே உளப்பகுப்பாய்வைக் கையாண்டவர். 1909 முதல் பிராய்டோடு கடிதத் தொடர்பு கொண்ட நண்பர். கொள்கையிலே எதிரெதிராக நின்ற இவ்விருவரின் நட்பு அவ்வாதத்தால் முறியவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

பிராய்டின் ஐயத்துக்கு நிகரான ஐயம் சமயத்தார் பக்கத்திலும் இருந்தது. பாவசங்கீர்த்தனமும் செபமும் இருக்க, அந்நியரிடம் சென்று மனத்தைத் திறப்பதேன் என்று கேட்டோர் பலர். இன்றும் அவ்வாறு கேட்போர் உளர். ஆயினும் உளவியல் ஆற்றுப்படுத்தலின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு, அதன் வேர்களிற் சில தேவாலய மண்ணிலேயே ஊன்றியிருத்தல் புலப்படும். துணைநாடுநர்மையக் கோட்பாட்டை வகுத்த கார்ல் ரோஜர்ஸ் உளவியலுக்கு வருமுன் நியூயோர்க் நகரின் இறையியற் கல்லூரியொன்றிற் பயின்றவர். அமெரிக்காவில் அன்டன் பொய்சன் என்ற போதகர் 1920இல் தாமே கடும் மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் அடைபட்டார். மீண்ட பின்னர் 1925இல் வூஸ்டர் அரச மருத்துவமனையிலே இறையியல் மாணவரை அழைத்து, மனநோயாளரை உயிருள்ள ஏடுகளாகக் கருதிக் கற்குமாறு பயிற்றுவித்தார். தற்கொலை எண்ணங் கொண்டோர்க்கெனச் 'சமாரிட்டன்ஸ்' என்னும் தொலைபேசிச் சேவையை 1953இல் இலண்டனில் தொடங்கிய சாட் வாரா ஓர் அங்கிலிக்கன் குரு. அச்சேவையிலே சமயப் பிரசாரம் செய்தலாகாது என்பது கண்டிப்பான விதி. அதன் வழியில் இலங்கையிலே 1974இல் தோன்றிய 'சுமித்ரயோ'வும் எச்சமயத்தாரையும் அவ்வாறே ஏற்கின்றது. தமிழ்நாட்டின் வேலூரிலே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம் 1957இல் அமைந்தபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருக்கும் முறையைக் கைக்கொண்டது. நோயுற்றவர் தனித்த ஓர் உயிரல்லர், உறவுகளின் நடுவே இருப்பவர் என்பதை அம்முறை ஏற்றுக்கொண்டது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், மட்டக்களப்பிலே தலைமுறைகளாகக் கல்விப்பணி புரிந்துவரும் இயேசு சபையின் தாபகர் லொயோலா இஞ்ஞாசியாரை அடையலாம். 1522இல் மன்ரேசாவிலே தங்கியிருந்த அவர், செய்த பாவங்களை மீளமீள அறிக்கையிட்டும் அமைதி காணாது, தம்முயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துக்கும் உள்ளானார். அந்த இருளிலே தம் மனத்தின் அசைவுகளை உற்றுநோக்கிக் கற்றவற்றையே பின்னர் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலாக அமைத்தார். உள்ளம் வறண்டு இருண்டிருக்கும் வேளையிலே முன்பு செய்த தீர்மானங்களை மாற்றலாகாது என்பது அந்நூலின் விதிகளுள் ஒன்று. உளச்சோர்வுற்றோர்க்கு இன்றைய ஆற்றுப்படுத்துநரும் ஏறக்குறைய இவ்வாறே கூறுவர்.

மட்டக்களப்பு மண்ணிலும் இவ்விணைப்புக்கு முன்மாதிரி உண்டு. இயேசு சபைக் குருவும் உளவளத் துறையினருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் முன்னின்று 1996இல் தொடக்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலே, போர்க்காலத்தின் நடுவே தமிழ், முஸ்லிம் சிறுவர் ஒன்றாகக் கூடிக் களிமண்ணிலும் வர்ணத்திலும் கதையிலும் நாடகத்திலும் தம் உள்ளத்தை வெளிப்படுத்தினர். பிள்ளைகள் விளையாட, பெரியோர் உடனிருந்தனர். விசுவாசம் அங்கே சொல்லாக அன்றி இடமாக அமைந்தது எனலாம். அத்தகைய இடத்தை உண்டாக்குதல் அந்நாட்களில் எளிதன்று. 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் மட்டக்களப்பை நோக்கிப் பயணஞ்செய்த அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹீபர்ட் அடிகளாரும் உடன்சென்ற தமிழ் இளைஞரும் காணாமற் போயினர். இன்றுவரை அவர்களைப் பற்றிய உண்மை வெளிவரவில்லை. ஆறுதல் கூறவேண்டியோரே ஆறுதல் தேடவேண்டியோராகவும் இருந்தனர்.

ஆசிரியையிடம் வந்தோருள் மற்றொருவர், அதே 1990இல் கணவரைப் பிரிந்த ஓர் இந்துப் பெண்மணி. அவ்வாண்டு மட்டக்களப்பின் வரலாற்றிலே மறக்கவொண்ணாதது. ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் 100க்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த அகதி முகாமிலிருந்து 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் எவரும் இதனைத் தம் வரலாற்றின் பகுதியாகவே கொள்ளுதல் வேண்டும்.

அப்பெண்மணியின் கணவரும் ஒருநாள் விசாரணைக்கெனக் கொண்டுசெல்லப்பட்டவர். அதன்பின் எச்செய்தியும் இல்லை. அவர் குங்குமப் பொட்டை அழிக்கவில்லை. திதி கொடுக்கவில்லை. மட்டக்களப்பின் தாய்வழி மரபுப்படி வீடு அவருடையதே. தாயும் சகோதரிகளும் அயலிலேயே இருந்தனர். ஆதலால் உணவுக்கும் உறைவிடத்துக்கும் அவர் அந்நியரை நாடவேண்டியதாகவில்லை. ஆயினும் மாலையிலே படலை திறக்கும் ஒலி கேட்டால் அவர் உடல் நடுங்கிற்று. தமக்கு நோய் என்று அவர் கூறவில்லை, "யோசனைதான்" என்றார். நமது பேச்சுவழக்கிலே யோசனை என்பது சிந்தனையை மட்டும் குறிப்பதன்று. கவலை, ஏக்கம், உறக்கமின்மை யாவும் அச்சொல்லினுள் அடங்கும்.

இறப்பு உறுதிப்படாத இத்தகைய இழப்பைப் 'தெளிவற்ற இழப்பு' என்று அமெரிக்க உளவியலறிஞர் போலின் பொஸ் பெயரிட்டு, 1999இல் நூலாகவும் விளக்கினார். போனவர் உள்ளத்திலே இருக்கின்றார், வீட்டிலே இல்லை. துக்கம் கொண்டாடவும் இயலாது, மறக்கவும் இயலாது. இலங்கையிலே 2016இல் ஆக்கப்பட்ட சட்டத்தின்படி, காணாமற் போனோரின் உறவினர் இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் 'காணாமைச் சான்றிதழ்' பெறலாம். சட்டத்துக்கு அது ஒரு தீர்வு. மனைவியின் நெஞ்சுக்கு அது இன்னொரு கடதாசி.

அப்பெண்மணி ஒருநாள், "டீச்சர், அவர் இருக்கிறாரா இல்லையா எண்டு நீங்க நினைக்கிறீங்க?" என வினவினார். முன்னைய ஆசிரியையாயின் ஏதேனும் ஒரு வேதவசனத்தை எடுத்திருப்பார். இம்முறை, "எனக்குத் தெரியாது, அக்கா. உங்களுக்கு என்ன தோணுது?" என்றார். அன்று அப்பெண்மணி முதன்முறையாகக் கணவரைப் பற்றி இறந்தகாலத்தில் ஒரு வாக்கியமும் நிகழ்காலத்தில் ஒரு வாக்கியமும் பேசினார். இரண்டையும் திருத்தாமல் கேட்பதே ஆசிரியையின் பணியாயிற்று.

வைகாசித் திங்களிலே கண்ணகி அம்மன் கோயிற் சடங்கு வந்தது. தம்மோடு வருமாறு அப்பெண்மணி அழைத்தார். போரின்போது மட்டக்களப்பின் அம்மன் கோயில்களிலே தெய்வமாடுவோர் கூறும் வாக்கைக் கேட்கக் காணாமற் போனோரின் தாயரும் மனைவியரும் திரண்டதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் 1997இல் நிறைவுசெய்த ஆய்விலே விரிவாக எழுதியுள்ளார். வெளியே பேசினால் உயிருக்கு ஆபத்தான செய்திகளைத் தெய்வத்தின் முன் மட்டுமே அக்காலத்தில் பேசமுடிந்தது. ஆசிரியைக்கு இதுவெல்லாம் தெரியும். ஆயினும் கத்தோலிக்கப் பெண்ணொருவர் அங்குச் செல்லலாமா என்ற தயக்கம் இருந்தது. இறுதியிலே சென்றார். வழிபாட்டிற் கலந்துகொள்ளாது வெளிவீதியிலே மரநிழலில் நின்றார்.

அங்கு அவர் கண்டது குளிர்த்திச் சடங்கு. நீதியற்ற முறையிலே கணவனை இழந்து சினத்தால் எரியும் ஒரு பெண்ணை ஊரே கூடிக் குளிர்விக்கின்றது. பொறுத்துக்கொள் என்று யாரும் அவளுக்குப் போதிக்கவில்லை. உன் சினம் தவறு என்று யாரும் கூறவில்லை. அவளுடைய வழக்கைப் பாட்டாகப் பாடி, அது நியாயமானது என ஏற்று, பின்னரே தணிக்கின்றனர். மகனின் சடலத்தை மடியிலே தாங்கிய வியாகுல மாதாவின் சுரூபம் ஆசிரியையின் நினைவில் எழுந்தது. இரு நம்பிக்கைகளும் ஒன்றே என அவர் முடிவுகட்டவில்லை. அவ்வாறு கூறுதல் இரண்டையும் அவமதித்தலாகும். ஆனால் ஆற்றுதல் என்னும் சொல்லின் பொருளை அவர் பயிற்சி வகுப்பிலன்றி அந்த மரநிழலிலேயே கற்றார்.

இங்கு ஓர் அறச்சிக்கலும் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின்னர், உதவியோடு மதமாற்றமும் வருகின்றதோ என்ற ஐயம் கிழக்கிலே பரவலாக எழுந்தது. துன்புற்றவர் வலிமை குன்றியவர். அவ்வேளையில் அவருக்கு நீட்டப்படும் நம்பிக்கை, அன்பளிப்பாக இருக்கலாம், வலையாகவும் இருக்கலாம். இதனை உணர்ந்த ஆசிரியை தமக்கென ஒரு வரம்பை வகுத்துக்கொண்டார். வருபவர் கேட்டாலன்றி அவர் முன்னிலையிற் செபிப்பதில்லை. அவர் சென்ற பின்னர் வெறுமையான நாற்காலியின் முன் செபிப்பதுண்டு. மாற்கு நற்செய்தியிலே பார்வையற்ற பர்த்திமேயு கூவியழைத்தபோது, அவனுடைய குறை யாவர்க்கும் வெளிப்படையாக இருந்தும், உனக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசு அவனையே வினவினார். அவ்வினாவே ஆற்றுப்படுத்தலின் அடிப்படை எனல் மிகையாகாது.

இவ்வளவோடு நின்றால், விசுவாசம் பின்னே ஒதுங்கி உளவியலே முன்னே நிற்கவேண்டும் என்ற எளிய முடிவுக்கு வந்துவிடலாம். மூன்றாமவர் ஒருவர் அம்முடிவைக் கலைத்தார்.

அவர் நடுவயது கடந்த கத்தோலிக்கர். உறக்கத்திலே அலறி எழுவதாக மனைவி அழைத்து வந்திருந்தார். பல சந்திப்புகளின் பின்னரே வாய்திறந்தார். போர்க்காலத்தில் ஒருநாள், முகத்தைச் சாக்கால் மூடி நிறுத்தப்பட்ட அவர், தம்முயிரைக் காக்கும்பொருட்டு அயலவன் ஒருவனைப் பார்த்துத் தலையை அசைத்திருந்தார். 'தலையாட்டி' என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கும் தலைமுறைக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஆசிரியை தாம் கற்றபடி, சூழ்நிலையின் கொடுமையை எடுத்துக்கூறினார். குற்றவுணர்விலிருந்து விடுபடுதல் பற்றிப் பேசினார். அம்மனிதர் சினத்தோடு எழுந்தார். "நான் செஞ்சதைச் செய்யல்ல எண்டு சொல்லாதீங்க, டீச்சர்" என்றார்.

அலையிலே பிள்ளையை நழுவவிட்ட தாயிடம் இருந்தது குற்றவுணர்வு, குற்றமில்லை. இம்மனிதரிடம் இருந்தது குற்றம். முன்னதைப் பாவமாகக் கருதி மன்னிப்புக் கூறுதல் கொடுமை. பின்னதை வெறும் உணர்ச்சியாகக் கருதித் தணித்தலும் கொடுமையே. காயத்தையும் பாவத்தையும் வேறுபிரித்தறிதலே இவ்விரு துறைகளையும் இணைப்போர்க்கு வேண்டிய முதல் அறிவாகும். பாவத்தை மன்னிக்கும் அதிகாரம் உளவியலுக்கு இல்லை. காயத்தை ஆற்றும் பயிற்சி பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் குருமார் யாவர்க்கும் இருப்பதில்லை. ஆசிரியை அவரை ஒரு குருவிடம் செல்லுமாறு கூறினார். சென்றார், பாவமன்னிப்புப் பெற்றார். ஆனால் கனவுகள் நிற்கவில்லை. ஆகவே மீண்டும் ஆசிரியையிடம் வந்தார். இருவரும் தத்தம் பணியைச் செய்தனர். சில மாதங்களில் அலறல் குறைந்தது.

ஆயினும் ஒன்று எஞ்சியிருந்தது, இன்னும் எஞ்சியிருக்கின்றது. அவ்வயலவனின் குடும்பம் எங்கோ வாழ்கின்றது. படலை ஒலிக்கும்போதெல்லாம் நடுங்கும் பெண்மணியைப் போல, அங்கும் ஒருத்தி நடுங்கிக்கொண்டிருக்கலாம். உண்மையைச் சொல்லவேண்டியவர் அம்மனிதரே. குருவின் நாவைத் திருச்சபையின் சட்டம் கட்டியிருக்கின்றது. ஆசிரியையின் நாவைத் தொழிலறம் கட்டியிருக்கின்றது. ஒரே நாற்காலியில் ஒருநாள் தேடுபவளும் மறுநாள் மறைப்பவனும் அமர்கின்றனர். இருவர் கண்ணீரும் உண்மையானதே. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனியாளின் நெஞ்சோடு நில்லாது குடும்பத்தையும் சமூகம் முழுவதையும் பற்றுவது என வற்புறுத்தியுள்ளார். அது மெய்யாயின், தனியாளின் கனவைத் தணிப்பதோடு ஆற்றுப்படுத்தல் முடிந்துவிடாது. உண்மையும் நீதியும் வராத இடத்திலே செபமும் உளவியலும் சேர்ந்தும் அரைவழிதான் செல்லமுடியும். ஆசிரியை அம்மனிதரிடம் ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும், "அந்தக் குடும்பத்தைப் பற்றி இப்ப என்ன நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்கின்றார். அவர் இன்னும் விடை கூறவில்லை. ஆனால் வருவதையும் நிறுத்தவில்லை.

2019 ஏப்பிரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்துச் சிறுவர் பலர் உட்பட வழிபட வந்தோர் மாண்டனர். அந்நாட்களிலே நாவற்குடாவிலிருந்து தெற்கே செல்லும் வீதி எவரும் கடக்கத் தயங்கும் எல்லையாயிற்று. பிறருக்கு ஆறுதல் கூறிவந்த ஆசிரியை வாயடைத்துப் போனார். செபிக்க முடியவில்லை. வருவோரைச் சந்திக்கவும் மனம் இல்லை. இப்பணியை விட்டுவிடலாம் என எண்ணியபோது, இருளிலே தீர்மானங்களை மாற்றாதே என்ற இஞ்ஞாசியாரின் விதி நினைவுக்கு வந்தது. அவர் தம் பயிற்றுநர் ஒருவரிடம் சென்று தாமே ஆற்றுப்படுத்தப்படுபவராக அமர்ந்தார்.

சில கிழமைகள் கழிந்தபின் ஒரு பிற்பகலிலே படலை திறந்தது. முன்னொருகால் அவரிடம் வந்துபோன காத்தான்குடிப் பெண்மணி ஒருவர் நின்றார். அவருடைய குடும்பமும் 1990இல் பள்ளிவாசலிலே ஒருவரை இழந்தது. வந்தவர் எதுவும் கூறவில்லை. வருந்துகிறேன் என்றோ, எங்கள் மார்க்கம் இதனைப் போதிக்கவில்லை என்றோ பேசவில்லை. வழக்கமாகத் தாம் அமரும் நாற்காலியை விட்டுத் தரையிலே அமர்ந்தார். ஆசிரியையும் தம் நாற்காலியை விட்டு இறங்கி அருகில் அமர்ந்தார். நெடுநேரம் சென்றது. இருவரும் அழுதனர். தேநீர் ஆறிப்போயிற்று. புறப்படும்போது அப்பெண்மணி, "நாளைக்கும் வாறன், டீச்சர்" என்றார். மறுநாளும் வந்தார்.

ஆற்றுப்படை நூல்களிலே வழிகாட்டுபவன் வள்ளல் அல்லன். அவனும் நேற்றுவரை பசித்திருந்தவனே. தன் பசி தணிந்த இடத்தை அறிந்திருத்தல் ஒன்றே அவனுடைய தகுதி. விசுவாசமும் உளவியலும் எவ்வாறு இணையவேண்டும் என்பதற்குக் கோட்பாடுகள் பல எழுதப்பட்டுள்ளன, இன்னும் எழுதப்படும். நாவற்குடா ஆசிரியையின் முற்றத்திலே அவ்விணைப்பு கோட்பாடாக நிகழவில்லை. செபிக்கத் தெரிந்த ஒருவர் எப்போது செபிக்காதிருக்கவேண்டும் என்று கற்றதிலும், மன்னிக்கத் தமக்கு அதிகாரமில்லாததை மன்னிக்க மறுத்ததிலும், தம்மைவிட வேறான நம்பிக்கையுடையவர் தம்மை ஆற்றும்போது அதனை ஏற்றுக்கொண்டதிலும் அது நிகழ்ந்தது.

முதலில் வந்த தாய் இன்னும் வரவில்லை. சிலவேளை சந்தையில் எதிர்ப்படும்போது புன்னகை செய்கின்றார். ஆசிரியையும் புன்னகை செய்கின்றார். அந்தக் கையைப் பற்றி அவர் வேறெவரிடமேனும் பேசியிருப்பார் என ஆசிரியை நம்புகின்றார். பேசாதிருந்தால், முற்றத்திலே இரு நாற்காலிகளும் போட்டபடியே இருக்கின்றன.